அவள் 'முடியாது' என்று சொன்ன பிறகு

தமிழ்த் திரைப்பட உதவி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் வாடகை அறைகளில் உட்கார்ந்து, சுவரில் சீன் ஆர்டரை ஒட்டிவைத்துக்கொண்டு, தயாரிப்பாளரைப் பார்த்துக் கதை சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பெயர் பெற்ற இயக்குநர்களுக்கு எழுதவில்லை. அவர்களுடைய படங்கள் வந்து, ஓடி, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, இனி மாற்ற முடியாதவை ஆகிவிட்டன. உங்கள் கதைகள் இன்னும் தாளில்தான் இருக்கின்றன. தாளில் இருக்கும்போது ஒரு காட்சியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம்.

நான் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். சினிமாவோடு தொழில்முறையில் எனக்குத் தொடர்பில்லை. சிறுவயதிலிருந்து பார்வையாளராக இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் படத்தை முடிக்கும் இடத்தில்தான் என் வேலை ஆரம்பிக்கிறது. விரட்டி விரட்டிக் காதலித்தவன் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எப்படி இருப்பான், அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண் அடுத்த முறை பிறந்த வீட்டு வாசலில் எப்படி வந்து நிற்பாள், வேலையை விட்டுவிட்டு வந்தவளின் வங்கிக் கணக்கில் என்ன மிச்சம் இருக்கும், இவையெல்லாம் என் மேசைக்கு வரும் காட்சிகள். வருகிற பெண்களில் பலர் எடுத்ததும் பேசுவது அடி உதை பற்றி அல்ல. வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் பேச்சின் ஆரம்பம். இந்தச் சம்பந்தம் வேண்டாம், வேலையை விட மாட்டேன், இப்போது குழந்தை வேண்டாம் என்று எதையோ ஒன்றை அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னது சொன்ன இடத்திலேயே கிடந்திருக்கிறது.

இந்த மடல் அந்த ஒன்றைப் பற்றியது. நம் சினிமாவில் ஒரு பெண் ஒரு முடிவை எடுக்கிறாள். பிறகு திரைக்கதை அந்த முடிவை என்ன செய்கிறது? கவர்ச்சி, உடை, கேமரா கோணம் பற்றியெல்லாம் நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் முழுக்க உடுத்தி, எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி எழுதப்பட்ட கதாநாயகியின் முடிவும் இதே போலத்தான் பறிபோகிறது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

1939இல் வெளிவந்த 'தியாகபூமி'யை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியாது. கல்கியின் கதை, கே. சுப்ரமணியம் இயக்கம். ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே படத்தின் புகைப்படங்கள் கதையோடு அச்சாயின. பிரிட்டிஷ் அரசு பின்னர் தடைசெய்த படம் என்பதால் அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் அதை மறக்காமல் குறிப்பிடுவார்கள். அதில் எனக்கு முக்கியமான இடம் வேறு. கணவன் வீட்டில் கொடுமைப்பட்டுக் கைவிடப்பட்ட சாவித்திரி, காலம் போய், செல்வம் படைத்தவளாகத் திரும்பி வருகிறாள். அவள் யார் என்று தெரிந்ததும் கணவன் தன்னோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த அந்தச் சாவித்திரி நீதிமன்றத்தில் நின்று மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்கிறாள். இந்து திருமணச் சட்டம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு, தமிழ்த் திரையில், ஒரு மனைவி இதைச் சொல்லியிருக்கிறாள். படம் அதற்குப் பிறகு தேச விடுதலைக்குள் போய்விடுகிறது. ஆனாலும் கூண்டில் அவள் சொன்ன பதிலை யாரும் அவள் வாயிலிருந்து பிடுங்கவில்லை.

சாவித்திரி மீது அவள் கணவன் போட்ட வழக்கு இன்றும் எங்கள் நீதிமன்றங்களில் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு அது. பிரிந்துபோன துணையைச் சேர்ந்து வாழ வரும்படி உத்தரவிடக் கோரலாம். கணவன், மனைவி இருவருமே போடலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. மனைவி ஜீவனாம்சம் கேட்டதும் அதற்குப் பதிலடியாகக் கணவன் போடும் மனுவாகத்தான் நான் இதைப் பெரும்பாலும் பார்க்கிறேன். 1983இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி.ஏ. சௌத்ரி, இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். தன் உடல் மீதும் தாய்மை மீதும் ஒரு பெண்ணுக்கு இருக்கும் உரிமையை அரசின் கையால் பறிக்கிற சட்டம் இது என்று விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த 1983 தீர்ப்பைச் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றும் படிக்கிறோம். அந்த வழக்கின் மனைவி யார் தெரியுமா? நடிகை சரிதா.

இப்போது 1978க்குப் போங்கள். ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்'. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், மஞ்சுவைப் புரிந்துகொள்ளப் படம் முழுக்க முயற்சி செய்கிறவன், கடைசியில் வேறொரு பெண்ணைத் திருமணம் செய்து அழைத்து வருகிறான். அந்தப் புது மனைவியாகச் சற்று நேரமே வருவார் சரிதா. ஸ்ரீப்ரியாவின் மஞ்சு காருக்குள் அவரிடம் பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் வரும். தமிழில் எடுக்கப்பட்ட மிக நேர்மையான முடிவுகளில் ஒன்றாக அதைக் கருதுகிறேன். முற்போக்காகப் பேசும் ஆண் கடைசியில் யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதை அந்தப் படம் ஒளிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று திரையில் சொன்ன அதே நடிகை, சில ஆண்டுகளுக்குள், விருப்பமில்லாத தாம்பத்தியத்துக்கு ஒரு பெண்ணை அரசு கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தார். கதை தேடுகிறீர்கள் அல்லவா? இதோ ஒன்று, நாற்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது.

'தியாகபூமி'க்குப் பிறகு நம் வணிக சினிமா வேறொரு கதையைப் பழக்கப்படுத்திக்கொண்டது. திமிர் பிடித்த பெண்ணை அடக்கும் கதை. 1972இன் 'பட்டிக்காடா பட்டணமா', மேல்நாட்டு நாகரிகத்தில் ஊறிய மனைவியைக் கிராமத்துக் கணவன் வழிக்குக் கொண்டுவருவது. சிவாஜியும் ஜெயலலிதாவும் போட்டி போட்டு நடித்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். இருபது ஆண்டு கழித்து 'மன்னன்'. விஜயசாந்தியின் சாந்திதேவி ஒரு தொழிற்சாலையை நடத்துகிறவள். படம் முடியும்போது பொறுப்பைக் கணவனிடம் விட்டுவிட்டு இல்லத்தரசி ஆகிறாள். தொழிலாளியை மதிக்காத முதலாளி திருந்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆண் முதலாளி திருந்தினால் நல்ல முதலாளி ஆகிறான், பெண் முதலாளி திருந்தினால் சமையலறைக்குப் போகிறாள். கவுன்சலிங் அறையில் கணவன் வீட்டார் கேட்பதும் இந்தத் திருந்தலைத்தான். வேலையை விட்டுவிடட்டும், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறோம் என்பார்கள், பெருந்தன்மையான சலுகை ஒன்றை வழங்குவது போல. அவள் வேலைக்குப் போனதில் என்ன தவறு என்று நான் கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரியாது.

நல்ல ஆண்கள் நிறைந்த படங்களிலும் இது நடக்கிறது. பாக்யராஜின் திரைக்கதை அறிவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 'அந்த 7 நாட்க'ளில் கணவனும் நல்லவர், காதலனும் நல்லவன். ஒருத்தியின் வாழ்க்கை யாரோடு என்பதை அந்த இரண்டு நல்லவர்களும் பேசி முடிக்கிறார்கள். தாலி தீர்ப்புச் சொல்கிறது. வசந்தி அந்த அறையிலேயே நிற்கிறாள்.

அடுத்தது துரத்தல். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் கல்லூரிப் பெண்களின் பெற்றோர் இதோடுதான் வருகிறார்கள். 2001இன் 'மின்னலே'யில் நிச்சயமான மாப்பிள்ளை நான்தான் என்று பொய் சொல்லி ஒரு பெண்ணின் மனதில் இடம் பிடிக்கிறான் நாயகன். 2016இன் 'ரெமோ'வில் நிச்சயமான ஒரு பெண்ணை அடைய நர்ஸ் வேடம் போட்டு அவள் நட்பைச் சம்பாதிக்கிறான். இரண்டு படங்களிலும் உண்மை தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்று கதைக்கும் தெரியும். ஆனாலும் அது கிளைமேக்ஸுக்கு முன்னால் கடக்க வேண்டிய ஒரு மேடு, அவ்வளவுதான்.

இதற்கிடையில் சட்டம் நகர்ந்துவிட்டது. பெண்களைத் தொல்லைப்படுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாடு 1998இலேயே தனிச்சட்டம் போட்டது, ஒரு கல்லூரி மாணவியின் உயிரைக் கொடுத்து. 2013இல் பின்தொடர்தல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையிலிருந்து, அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாக உணர்த்திய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால், தொடர்புகொள்ள முயன்றால், அது குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை, அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்தைப் பொறுத்தவரை அவளுடைய முதல் மறுப்போடு கதை முடிந்தது. உங்கள் ஒன்லைனில் அந்த மறுப்பிலிருந்துதான் கதையே ஆரம்பிக்கிறது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் இரண்டு பெண்களைப் பின்தொடர்ந்ததாக ஓர் இந்தியர் மீது வழக்கு. விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறுவாள் என்று இந்திப் படங்களைப் பார்த்து நம்பிவிட்டார் என்பது அவருடைய வழக்கறிஞர் வைத்த வாதம். சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை நிபந்தனையோடு அவரை விட்டார்கள். அந்த வாதத்தை ஒரு வழக்கறிஞராகப் புரிந்துகொள்கிறேன். ஒரு பெண்ணாகப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

துரத்தப்படுகிற பெண்ணுக்கு நிஜத்தில் என்ன ஆகிறது என்பதையும் கேளுங்கள். அவள் பேருந்து நிறுத்தத்தை மாற்றுகிறாள். செல்பேசி எண்ணை மாற்றுகிறாள். வீட்டில் சொல்லத் தயங்குகிறாள், ஏனென்றால் சொன்னால் நிற்கப்போவது அவன் வருவது அல்ல, அவள் போவது. கல்லூரி நின்றுவிடும். அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்க்கப்படும். உங்கள் படத்தில் எதிரெதிராக நிற்கிற நாயகனும் நாயகியின் அப்பாவும் என் மேசையில் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவன் அவள் வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை, மற்றவர் அவள் வேண்டும் என்றதைக் கேட்கவில்லை.

இதே துரத்தலை ஒரு பெண் செய்தால் எப்படி எழுதுகிறோம் என்பதற்கு 1999இன் 'படையப்பா' இருக்கிறது. நீலாம்பரி தான் விரும்பியவனை விடாமல் விரும்புகிறாள். அவன் மறுத்ததை ஏற்க மறுக்கிறாள். பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். ரம்யா கிருஷ்ணனின் ஆற்றலால் அவள் சாகாவரம் பெற்றுவிட்டாள் என்பது வேறு விஷயம். கதைக்குள் அவள் வில்லி. மறுப்பை ஏற்காமல் துரத்துவது அழிவைக் கொண்டுவரும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை ஆண் கதாபாத்திரத்துக்கு ஏன் நாம் பயன்படுத்துவதில்லை?

இதுவரை சொன்னதற்கெல்லாம் உங்கள் டிஸ்கஷன் அறையில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். சமூகத்தில் இருப்பதைத்தானே காட்டுகிறோம், ஆணாதிக்கத்தைக் காட்டவே கூடாதா என்பீர்கள். காட்டுங்கள். தாராளமாகக் காட்டுங்கள். அறை விழும் காட்சியே இல்லாத சினிமா எனக்கு வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அடி விழாத குடும்பப் படம் எடுத்தால் அதுதான் பொய். நான் கேட்பது அறை விழுந்ததற்கு அடுத்த ஷாட். இது உங்கள் தொழில், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கை ஓங்குகிறது, அறை விழுகிறது. அடுத்த ரியாக்‌ஷன் ஷாட் யாருடையது? அவள் முகத்துக்குப் போகிறீர்களா, பக்கத்தில் நின்று தலையாட்டும் மாமனாருக்குப் போகிறீர்களா, அடித்தவனின் கலங்கிய கண்ணுக்குப் போகிறீர்களா? அந்த இடத்தில் ஆர்.ஆர். என்ன செய்கிறது? நாயகனின் தீம் வாசிக்கிறதா? அடி வாங்கியவளின் கன்னத்தைவிட அடித்தவனின் மனவேதனை பெரிது என்று சொல்ல ஒரு வசனமும் தேவையில்லை. ஒரு க்ளோசப்பும் ஒரு வயலினும் போதும். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். என்னிடம் வரும்போது, அடித்த பிறகு அவரும் அழுதார் என்று அவனுக்காக அவளே வாதாடுகிறாள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை (2024) இதற்காகவே இன்னொரு முறை பாருங்கள். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலுமாக அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. படத்தில் பின்னணி இசையே கிடையாது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. அவள் உதடு அதை முணுமுணுக்கிறது. அதைப் பார்த்த பாண்டி அவளை அடிக்கிறான், தடுக்க வருகிறவர்களையும் அடிக்கிறான். அந்த அடிக்கு ஒரு தாளமும் இல்லை, வீரமும் இல்லை. ரோடும் வெயிலும் அழுகையும்தான் கேட்கின்றன. சூரி அந்த முரட்டுத்தனத்தைத் துளியும் அழகுபடுத்தவில்லை. அன்னா பென் ஏறக்குறைய படம் முழுக்கப் பேசுவதில்லை. ஆனால் அவள் முடிவு மாறவில்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் நமக்குத் தெரிகிறது. துரத்துகிறவனை ஏற்றுக்கொண்டால் அது காதல், தானாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அது பேய் என்று நம்புகிற ஓர் உலகத்தை, அந்த உலகத்தின் பக்கம் ஒரு நொடிகூடச் சாயாமல் காட்ட முடியும் என்று அந்தப் படம் நிரூபித்துவிட்டது. ஆணாதிக்கத்தைக் காட்டுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கை நீட்டுவது அதை நோக்கித்தான்.

சமையலறையையும் விட்டுவிட முடியாது. ஜியோ பேபியின் மலையாளப் படமான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021இல் வந்தபோது ஆண்கள் பலர் மெதுவாகப் போகிறது என்றார்கள். அந்த மெதுவைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி தினமும் வாழ்கிறாள். 2019இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள் என்கிறது. அதே வேலையில் கைவைக்கும் ஆண்களுக்கு 97. அந்தப் படத்தின் நாயகி வீட்டை விட்டுப் போகிறாள். படம் அதோடு முடிவதில்லை. அவனுக்கு இரண்டாவது கல்யாணம் நடக்கிறது, புது மனைவி அதே எச்சில் தம்ளரை எடுத்துக் கழுவுகிறாள். வீடு மாறவில்லை. ஆனால் அவள் எடுத்த முடிவு அப்படியே நிற்கிறது, அவள் நடனம் கற்பித்துக்கொண்டிருக்கிறாள். 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் அது வந்தது.

அடுத்த பதில் ஆடியன்ஸ். நாங்கள் எழுதத் தயார், பி அண்ட் சி சென்டரில் ஏற்க மாட்டார்கள் என்பது. இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது, நம் சினிமாவின் சொந்த வரலாறே எதிராக இருக்கிறது. 1984இல் 'விதி' வந்தது. ஏமாற்றியவனைக் கூண்டில் ஏற்றிய பெண்ணின் கதை. அதன் வசன ஒலிநாடா டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் முழங்கியது. அதே ஆண்டு பாரதிராஜாவின் 'புதுமைப்பெண்'. சிறைப்பட்ட கணவனை மீட்கப் போராடியவளை அவனே சந்தேகிக்கிறான், ரேவதி அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். 1993இல் பாலுமகேந்திராவின் 'மறுபடியும்'. விட்டுப்போன கணவன் திரும்பி வந்ததும் அவள் மறுக்கிறாள். அன்பான நண்பன் கேட்டபோதும் மறுக்கிறாள். இரண்டாவது மறுப்புதான் அந்தப் படத்தின் உயரம் என்று நான் சொல்வேன். முதலாவதை எந்த எழுத்தாளரும் எழுதிவிடலாம். நல்லவன் ஒருவன் காத்திருக்கும்போதும் இப்போதைக்கு நான் தனியாக இருக்கிறேன் என்று சொல்ல ஒரு பெண்ணை அனுமதிக்க மனது வேண்டும். 1994இல் 'மகளிர் மட்டும்', அலுவலகத்தில் தொல்லை கொடுக்கும் மேலாளரை மூன்று பெண்கள் எதிர்கொள்வது. வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வரையறுத்தது 1997இல்தான். நாட்டின் சட்டத்தை மூன்று ஆண்டு முந்திக்கொண்டு ஒரு தமிழ் நகைச்சுவைப் படம் அதைப் பேசியிருக்கிறது, மக்கள் சிரித்துக் கைதட்டிப் பார்த்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளுக்கு வந்தால், பிரபுராம் வியாஸின் 'லவ்வர்' இருக்கிறது. சந்தேகமும் கெஞ்சலும் மிரட்டலுமாக ஒருத்தியைப் பிடித்துவைத்திருக்கும் காதலனை மணிகண்டன் நடித்தார். அவன் மீது நமக்கு இரக்கம்கூட வருகிறது. ஆனால் இரக்கப்பட்டு அவளை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை அந்தத் திரைக்கதை. இளைஞர்கள்தான் அதைப் போய்ப் பார்த்தார்கள்.

ஆகவே ஆடியன்ஸ் மேல் பழியைப் போடாதீர்கள். இந்தக் காட்சிகள் எழுதப்படும் அறையைப் பாருங்கள். 1936இலேயே டி.பி. ராஜலட்சுமி தன் நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்று இயக்கினார். பானுமதி, சாவித்திரி, பின்னால் சுஹாசினி, இன்று சுதா கொங்கரா, ஹலிதா ஷமீம் என்று பெயர்கள் தொடர்கின்றன. ஆனால் தமிழில் ஆண்டுக்கு இருநூறு படங்கள் வரும் காலத்திலும் பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணுகிறோம். டிஸ்கஷன் அறையில் ஒரு தங்கை உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் அவள் கன்டினியூட்டி நோட்டும் காஸ்ட்யூம் பட்டியலும் பார்க்கிறவள். இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் டிஸ்கஷனுக்கு அவள் எப்படி வீடு திரும்புவாள் என்று யாரும் யோசிப்பதில்லை. கேரளத்தில் நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதைப் படிக்கும்போது பாலியல் அத்துமீறலோடு, படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததும் உடை மாற்ற இடமில்லாததும் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த வேலையிடத்தில் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு வேலை போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எழுதப்படும் கதாபாத்திரத்தின் 'வேண்டாம்' மட்டும் எப்படி மதிக்கப்படும்? உங்களில் தம்பிகளுக்குச் சொல்கிறேன், அடுத்த முறை நாயகியின் காட்சியைப் பேசும்போது அறையில் இருக்கும் தங்கையிடம் கருத்துக் கேளுங்கள். அவள் இது நடக்காது என்று சொன்னால், அதைச் சென்டிமென்ட் தெரியாதவள் பேச்சு என்று தள்ளாதீர்கள். தங்கைகளுக்குச் சொல்வது, நீங்கள் அந்த அறையில் பேசியது படத்தில் வராமல் போனாலும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். உங்கள் முதல் படத்துக்கு அது வேண்டியிருக்கும்.

உங்களிடம் நான் புரட்சிப் படம் கேட்கவில்லை. காதல் படம் எடுங்கள், மாஸ் படம் எடுங்கள், பேய்ப்படம் எடுங்கள். நாயகி தவறான முடிவு எடுக்கட்டும், அதனால் கஷ்டப்படட்டும், பிறகு தானே மனம் மாறட்டும். ஆனால் மனம் மாறும் காட்சியை எழுதுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் மாறிவிட்டாள் என்று தாண்டிப் போகாதீர்கள். எதைப் பார்த்து மாறினாள், எதை விட்டுக்கொடுத்தாள், அதற்கு அவளுக்கு என்ன செலவானது? அந்தக் காட்சியை எழுத முடியவில்லை என்றால், அவள் மாற மாட்டாள் என்று அர்த்தம். உங்கள் கதைக்கு வேறு கிளைமேக்ஸ் வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். குடும்ப வழக்குக் காட்சி எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் எழுதுவதற்கு முன் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து பேசுங்கள். திருமண வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை, விசாரணைக்குள் உங்களை விட மாட்டார்கள், எந்தக் கட்சிக்காரரின் கதையையும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பெண் மனு கொடுத்தால் பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார், அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை அவளுக்கு எப்படிக் கிடைக்கிறது, இடைக்கால ஜீவனாம்சத்துக்கு எவ்வளவு நாள் இழுக்கிறது, வாய்தா வாங்கிக்கொண்டே போகும் கணவனின் எதிரில் கைக்குழந்தையோடு பெஞ்சில் காத்திருப்பது எப்படி இருக்கும், இவற்றையெல்லாம் சொல்லித் தருவேன். மாலை ஐந்து மணிக்கு மேல் சேம்பரில் இருப்பேன். பவுண்டட் ஸ்கிரிப்ட் கொண்டுவர வேண்டாம். அடித்து எழுதக்கூடிய நிலையில் இருக்கும் தாளையே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஒரு குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்,
சென்னை